கோரிவேன் கோட்டை எரிந்த விதம்

எங்கள் மாட்டுத்தொழுவம் கோட்டைக் கல்லால் கட்டியது. அதை நாங்கள் ஒருநாளும் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. வாசல் நிலைக்கு மேலே இருந்த கல்லில் ஒரு மான் தலையும் பாதிக் கேடயமும் செதுக்கியிருக்கும். எந்த விவசாயி தன் பசுக்களுக்காக மெனக்கெட்டு மான் தலை செதுக்கி வைப்பான்? பன்றிக் கொட்டிலின் மூலையில் அம்பு எய்வதற்கான துளை ஒன்று அப்படியே இருந்தது. அதன் வழியே குட்டிகள் மூக்கை நீட்டி, போகிற வருகிறவர்களை மோப்பம் பிடிக்கும்.

கோரிவேன் கோட்டை எங்கள் வீட்டுக்குப் பின்னால், டர்னிப் கிழங்கு வயலைத் தாண்டிய மேட்டில் நின்றது. நான் பிறந்தபோதே அதற்குக் கூரை கிடையாது. தெற்குச் சுவர் ஒன்று, பாதிக் கோபுரம் ஒன்று, அந்தக் கோபுரத்துக்குள் சுழன்று ஏறும் பதினெட்டுப் படிகள், அவ்வளவுதான் மிச்சம். பெரிய கூடத்தில், தொட்டால் அரிக்கும் காஞ்சொறி இடுப்புயரம் வளர்ந்து கிடக்கும். மழைக்கு ஆடுகள் அங்கேதான் ஒதுங்கும். புகைபோக்கித் துளைகளில் சாம்பல் கழுத்துச் சிறு காக்கைகள் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டி, பகல் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் இல்லாத ஒரு காலையை நான் முதன்முதலில் கேட்டது என் ஐம்பதாவது வயதில், பண்ணையைவிட்டு வந்த பிறகுதான்.

கோட்டை எப்படி அழிந்தது என்பது பக்கத்து மூன்று ஊர்களிலும் எல்லாருக்கும் தெரியும். ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றில், பிப்ரவரிப் பனியில், மலைக்கு அந்தப்பக்கத்து ஆட்கள் முந்நூறு பேர் வந்து வளைத்தார்கள். டர்வார்ட் பிரபு வீட்டில் இல்லை. அவர் மனைவி மார்ஜரி சீமாட்டி, பன்னிரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் கதவு உடைந்தது. அப்போது கேவின் இம்ரி என்ற வேலைக்காரன் ஒரு கோடரியோடு கோபுரப் படியில் தனியாக நின்றான். குறுகலான படி, ஒரு நேரத்தில் ஒருவன்தான் ஏற முடியும். சீமாட்டியும் பிள்ளைகளும் பின்வழியாகத் தப்பிக்கும்வரை அவன் நின்றான். பிறகு எதிரிகள் கோட்டைக்குத் தீ வைத்தார்கள். அவன் அதோடு போனான்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் தேவாலயத்து ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மேட்டில்தான் விருந்து. ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட அப்பமும் தேநீரும் முடிந்ததும் என் அப்பா, ஆர்ச்சி மெல்ட்ரம், நான்காவது படியில் ஏறி நின்று இந்தக் கதையைச் சொல்வார். கோடரி வீசும் இடத்தில் தொப்பியைக் கழற்றி வீசுவார். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

முன்வரிசையில், பிள்ளைகளுக்கு நடுவே, ஒரு பெரிய மனிதர் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். வாட்டி இம்ரி. ஓடைக்கு அந்தப்பக்கத்துப் பண்ணைக்காரர், அப்பாவின் பள்ளித்தோழர். கதையில் வரும் கேவின் அவருடைய முப்பாட்டனுக்கும் முப்பாட்டன். கதை முடிந்ததும் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்று சொல்வார்.

"எங்க ஆளு உசிரக் குடுத்தான். உங்க ஆளு கல்லத் திருடினான். கதை அதோட முடிஞ்சுது, இல்ல ஆர்ச்சி?"

"திருடல. கெடந்துச்சு, எடுத்தோம்."

"கெடந்ததை எடுக்கறதுக்குப் பேருதான்டா திருட்டு."

மாட்டுச் சந்தையிலும் இதேதான். அப்பா உள்ளே நுழைந்தால், "கல்லுத் திருடன் வந்துட்டான், வேலியைப் பாத்துக்கோங்க" என்பார் வாட்டி. எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் அதிகம் பேச மாட்டார். அப்பா தேவாலயத்தில் மூப்பர். திருடன் என்ற சொல், விளையாட்டுக்குச் சொன்னாலும், அவருக்குள் எங்கேயோ போய்த் தைத்தது.

வாட்டிக்கு ஒரே மகன். அவனுக்குக் கேவின் என்று பெயர் வைத்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கோபுரப் படியில் அவன்தான் எப்போதும் காவல், நான்தான் எப்போதும் முந்நூறு எதிரிகளும். சிரித்தால் அவன் மூக்கு முயலுக்குச் சுருங்குவதுபோலச் சுருங்கும். பிறகு நாங்கள் வளர்ந்தோம். படியில் விளையாடுவதை விட்டுவிட்டோம். ஆனால் படிக்குப் போவதை விடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் அவன் பட்டாளத்துக்குப் போகும் முன், திரும்பி வந்ததும் கல்யாணம் என்று எங்களுக்குள் பேச்சு. எங்கள் இரு வீட்டுக்கும் அது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நாற்பதாம் வருடம் ஜூனில், பிரான்சில், கடலை நோக்கிப் பின்வாங்கும்போது அவன் இறந்தான். வாட்டிக்கு வந்தது அச்சடித்த ஒரு தாள், நான்கு வரி. மறு வருடம் அவர் மனைவியும் போய்விட்டாள்.

எனக்கு வந்தது வேறு. போர் முடிந்து, சிறைமுகாமிலிருந்து திரும்பிய நீல் காஸ்கி என்ற அவனுடைய தோழன் ஒரு கடிதம் எழுதியிருந்தான். அதை நான் யாருக்கும் காட்டவில்லை. வாட்டிக்கும் காட்டவில்லை. காரணம் இருந்தது, சொல்கிறேன்.

ஐம்பத்தாறாம் வருடம் மே மாதம் எடின்பரோவிலிருந்து மிஸ் லோரிமர் வந்தார். பழைய கோட்டைகளை அளந்து, வரைந்து, வரலாறு எழுதுவது அவர் வேலை. ஐம்பது வயதிருக்கும், ஆண்கள் போடும் பூட்ஸ், எப்போதும் பாக்கெட்டில் ஓட்ஸ் ரொட்டி. எங்கள் வீட்டு மாடியறையில் ஆறு வாரம் தங்கினார். அளவுநாடாவின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு காஞ்சொறிக்குள் நடப்போம். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. வீட்டில் பால் கறப்பதும் கோழிகளைப் பார்ப்பதுமாக இருந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் படிகளில் நான் ஏறியது அவருக்காகத்தான்.

ஒருநாள் தெற்குச் சுவரின் உச்சியைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"ரோனா, சண்டை நடந்த கோட்டைன்னா கதவுப் பக்கம்தானே அடிபட்டிருக்கணும்? இங்க கதவு நிலை புதுசாட்டம் இருக்கு. கருகிப் போனதெல்லாம் மேல, புகைபோக்கியச் சுத்தி. இது எப்படிம்மா?"

"தீ மேலதானே மிஸ் ஏறும்."

"ஏறும், ஏறும்" என்றார். ஆனால் நோட்டில் நிறைய எழுதினார்.

அடுத்த பிப்ரவரியில் முன்னறிவிப்பு இல்லாமல் திரும்பி வந்தார். பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு மைல் பனியில் நடந்து வந்திருந்தார். அம்மா அவரை அடுப்பருகே உட்காரவைத்து, பார்லி சூப் கொடுத்து, நனைந்த காலுறையைக் கழற்றச் சொன்னாள். அவர் சூப்பைக்கூடக் குடிக்காமல் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். டர்வார்ட் குடும்பத்தின் பழைய பெட்டி ஒன்று எடின்பரோவில் ஒரு வக்கீல் வீட்டு நிலவறையில் கிடந்ததாம். அதில் மார்ஜரி சீமாட்டி தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம். மிஸ் லோரிமர் அதைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்திருந்தார்.

அவர் வாசிக்க, அப்பா பைப்பைப் பற்றவைக்காமலே பிடித்துக்கொண்டு கேட்டார்.

முற்றுகை எதுவும் இல்லை. முந்நூறு பேரும் இல்லை. இலையுதிர் காலத்தில் புகைபோக்கிகளில் இருந்த காக்கைக் கூடுகளை எடுக்கச் சொல்லி சீமாட்டி ஒரு வேலைக்காரனுக்கு இரண்டு முறை உத்தரவு போட்டாள். அந்த வேலைக்காரன் எடுத்துவிட்டேன் என்று சொன்னான், எடுக்கவில்லை. பிப்ரவரி இரண்டாம் தேதிப் பண்டிகைக்குப் பெரிய அடுப்பு மூட்டியபோது கூடு பற்றி, கூரை பற்றி, காலைக்குள் எல்லாம் முடிந்தது. யாரும் சாகவில்லை. சீமாட்டி இரவு உடையில் பனியில் நின்றாள். பண்ணையிலிருந்து மெல்ட்ரம் என்பவன் வந்து, அவளையும் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும், பத்தொன்பது பேரை, தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். படுக்கைகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவனும் மனைவியும் மே மாதம்வரை மாடுகளோடு படுத்தார்கள்.

"அதுக்கப்புறம் இதை எழுதறா" என்று மிஸ் லோரிமர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "'அவனுக்குக் கொடுக்க என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. கோட்டையின் கற்களை அவனும் அவன் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் மாடுகளுக்குக் கட்டு, அவற்றின் இடத்தில்தான் நீ குளிர்காலம் முழுக்கப் படுத்தாய் என்றேன்.'"

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, கேட்டீங்களா? குடுத்திருக்காங்க. நாம திருடல."

அப்பா எழுந்து சன்னலருகே போனார். அங்கிருந்து தொழுவம் தெரியும். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பிறகு திரும்பாமலே கேட்டார்.

"கூடு எடுக்காத அந்த வேலைக்காரன். பேரு போட்டிருக்கா மிஸ்?"

மிஸ் லோரிமர் தயங்கினார். "போட்டிருக்கு."

"இம்ரியா?"

"கேவின் இம்ரி. அன்னிக்குக் குடிச்சிருந்தான்னும் எழுதியிருக்கு."

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. அப்பா வந்து உட்கார்ந்தார்.

"மிஸ், நீங்க இதைப் புத்தகமாப் போடுவீங்க."

"போட்டுத்தான் ஆகணும் மிஸ்டர் மெல்ட்ரம். பொய்யை என்னால எழுத முடியாது."

"பொய் எழுதச் சொல்லல. ஒரு வேலைக்காரன்னு எழுதினா அது பொய்யாயிடுமா?"

அவர் யோசித்தார். "ஆகாது" என்றார். "எழுதறது உண்மையா இருக்கணும்ங்கறதுதான் எனக்குச் சட்டம். எதை விடறதுங்கறது என் இஷ்டம்."

"அப்ப அந்தப் பேரை விட்டுடுங்க. புத்தகம் வர்ற வரைக்கும் இந்த வீட்டைத் தாண்டி யாரும் எதுவும் பேச வேண்டாம்." என்னைப் பார்த்தார். "வாட்டிக்கு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

அந்த ஜூனில் அப்பா வழக்கம்போல நான்காவது படியில் நின்று முற்றுகைக் கதையைச் சொன்னார். தொப்பியை வீசினார். கதை முடிந்ததும் வாட்டி எழுந்து புல்லைத் தட்டினார். "எங்க ஆளு உசிரக் குடுத்தான், உங்க ஆளு கல்லத் திருடினான்."

"ஆமாடா" என்றார் அப்பா. "அப்படித்தான்."

அம்மா தேநீர்க் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வேறுபக்கம் போய்விட்டாள். சந்தையில் அதற்குப் பிறகு அப்பா எத்தனை முறை திருடன் என்ற சொல்லைக் கேட்டிருப்பாரோ தெரியாது. ஒவ்வொரு முறையும் சிரித்தார் என்று மட்டும் தெரியும்.

புத்தகம் ஐம்பத்தெட்டில், பார்லி கதிர் பிடிக்கும் நேரத்தில் வந்தது. சின்னப் புத்தகம், பச்சை அட்டை. அதை ஊர்த் தபால் நிலையக் கடையில் வாங்கிப் படித்துவிட்டு, மறுநாள் மதியம் வாட்டி ஓடையைத் தாண்டி நேராக எங்கள் சமையலறைக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை. அட்டை அவர் கையில் கசங்கியிருந்தது.

"ஒண்ணரை வருஷம்!" என்றார். "இந்தப் பொம்பள முன்னுரையில உனக்கு நன்றி சொல்லியிருக்கா. ஐம்பத்தேழு பிப்ரவரியில கடிதத்தை வாசிச்சுக் காட்டினாளாம். ஒண்ணரை வருஷமா நான் உன்னைத் திருடன்னு கூப்பிட்டேன், நீ பல்லைக் காட்டிக்கிட்டு நின்ன. என்னை என்ன பைத்தியக்காரன்னு நெனச்சியாடா?"

"உக்காரு வாட்டி."

"உக்கார வரல. அந்த வேலைக்காரன் யாரு?"

அப்பா மேசையைப் பார்த்தார். "எழுத்து அழிஞ்சுபோச்சாம். பேரு தெரியலயாம்."

அப்பாவின் அறுபது வருட வாழ்க்கையில் அவர் தானாகக் கட்டிச் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. காது நுனிவரை சிவந்துவிட்டார். வாட்டி அந்தக் காதையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"பொய் சொல்றதையாவது ஒழுங்காக் கத்துக்கிட்டு வந்திருக்கலாம்டா நீ." குரல் இறங்கிவிட்டது. "எங்க ஆளுதானா? கேவினா?"

அப்பா மறுபடி மேசையைப் பார்த்தார்.

"புகைபோக்கி சுத்தம் பண்ண வக்கில்லாதவன். அவன் பேரையா எம்புள்ளைக்கு வெச்சேன்? அவனைப்போல நிக்கணும்டான்னு தொட்டில்லருந்து சொல்லிச் சொல்லி வளத்தேனே. எதுக்கு ஆர்ச்சி? ஒரு குடிகாரனுக்காகவா?"

அப்பா தன்னால் ஆனதை ஒன்றரை வருடம் செய்து முடித்துவிட்டார்.

நான் மாடிக்குப் போனேன். துணிப்பெட்டியின் அடியிலிருந்து நீல் காஸ்கியின் கடிதத்தை எடுத்தேன். பதின்மூன்று வருடம் அதை வாட்டிக்குக் காட்டாததற்குக் காரணம் இதுதான்: அந்தக் கடிதத்தைப் படித்தால், தான் சொல்லி வளர்த்த கதையே மகனைக் கொன்றது என்று அவர் நினைத்துவிடுவார் என்று பயந்தேன். கதை பொய் என்று தெரிந்த இந்த நாளில் காட்டுவது அதைவிடக் கொடுமையாகக்கூட இருக்கலாம். ஆனாலும் படியிறங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அதனால் நானே வாசித்தேன். ஒரு பிரெஞ்சுப் பண்ணைவீடு. மாடியில் அடிபட்டவர்கள் ஏழு பேர். பின்பக்க ஏணி வழியாக ஒவ்வொருவராக இறக்க வேண்டும். முன்பக்கப் படியில் யாராவது நிற்க வேண்டும். கேவின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தான். "'படி காக்கறது எங்க குடும்பத் தொழில்டா, நீங்க கிளம்புங்கன்னு சொன்னான். சொல்லிட்டு சிரிச்சான். நாங்களும் சிரிச்சோம். அந்த நேரத்துல யாராவது சிரிப்பாங்கன்னு நான் நெனச்சதே இல்லை. ஏழு பேரும் பிழைச்சுட்டாங்க. அதுல நான் ஒருத்தன்.'"

கடைசிப் பத்தி எனக்கு மட்டும் எழுதியது. அதை வாசிக்கவில்லை, வாட்டியும் கேட்கவில்லை.

அவர் கடிதத்தை வாங்கி, கண்ணுக்கு எழுத்து தெரியாவிட்டாலும், விரலால் தடவிக்கொண்டிருந்தார். "சிரிச்சானா?"

"சிரிச்சிருக்கான் மாமா."

"மூக்கைச் சுருக்கிக்கிட்டு."

"ஆமா."

"அந்தக் கதை பொய்யின்னு தெரிஞ்சிருந்தா எறங்கி ஓடியிருப்பானா ரோனா?"

"இல்ல மாமா. அவன் கதைக்காக நிக்கல. மேல ஏழு பேரு படுத்திருந்தாங்க, அதுக்காக நின்னான். கதை இல்லேன்னாலும் நின்னிருப்பான். கதை இருந்ததால சிரிக்க முடிஞ்சுது. அவ்வளவுதான்."

வாட்டி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பதினெட்டு வருடமாக அழாத மனிதர். அப்பா எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்தது அதற்கு முன் இல்லை. அம்மா தேநீர் ஊற்றினாள். அது ஆறிப்போக, மறுபடி ஊற்றினாள். சாயங்காலம் பால் கறக்கும் நேரம்வரை வாட்டி அங்கேயே இருந்தார். போகும்போது தொழுவத்து வாசலில் நின்று மான் தலையை அண்ணாந்து பார்த்தார்.

"பத்தொம்பது பேரை மூணு மாசம் வெச்சுச் சோறு போட்டதுக்கு இந்த ஒரு தொழுவமா?" என்றார் அப்பாவிடம். "உங்க ஆளு ஏமாளிடா."

அடுத்த ஜூன் விருந்தில் அப்பா எழுவதற்கு முன் வாட்டி எழுந்தார். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவர். தொப்பியைப் பிசைந்துகொண்டே, கூடு எடுக்காத கதையை, பெயர், குடி எதையும் விடாமல் சொன்னார். "என் முப்பாட்டனுக்கு முப்பாட்டன். எங்க வீட்டுல இன்னிக்கும் அடுப்பு புகையத்தான் செய்யுது" என்றபோது பெரியவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள். பிறகு, பிரான்சில் ஒரு வீட்டுப் படியில் நின்ற இன்னொரு கேவினைப் பற்றிச் சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்து, "அந்த முந்நூறு பேரு எங்க?" என்று அழும் குரலில் கேட்டாள். அவளுக்காக அப்பா அந்தக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பின் வருடா வருடம் மூன்று கதைகள். தேநீர் ஆறிவிடுகிறது என்று பெண்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

வாட்டி அறுபத்துநான்கில் போனார். அவர் நிலம் ஏலத்தில் யாரோ ஒருவருக்குப் போயிற்று. அறுபத்தெட்டு ஜனவரிப் புயலில் கோபுரம் விழுந்தது. அப்பா காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லவேளை, ஆடு ஒண்ணும் உள்ள இல்ல" என்று மட்டும் சொன்னார். மூன்று வருடம் கழித்து அவரும் போனார். நான் பண்ணையை விட்டுவிட்டு ஊருக்குள் வந்தேன்.

சென்ற கோடையில் ஒரு தம்பதி காரை நிறுத்தி, கோரிவேன் கோட்டைக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்டார்கள். பாலம் தாண்டி இடதுபக்கம் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். அதிகம் ஒன்றுமில்லை, ஆனால் பூட்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், காஞ்சொறி அதிகம் என்றேன். அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றிருந்தேன். நல்ல வெயில். காற்று அந்த மேட்டுப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது.